கிங் தோற்ற மாநாடு

மார்ட்டின் லூதர் கிங் என்றதும் நமக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வரும்? பள்ளிப் பாடத்தில் வந்த வாஷிங்டன் பேரணி, நோபல் பரிசு, காந்திமேல் அவர் வைத்திருந்த மரியாதை, கடைசியில் மெம்ஃபிஸ் நகரில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகள் எல்லாம் அவர் பின்னால் ஒரே வரிசையில் நின்றன என்றுதான் நானும் போன வருடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லை. கிங்கின் சொந்தத் திருச்சபைப் பிரிவே ஒரு தேசிய மாநாட்டில் அவருடைய அணியைத் தோற்கடித்து, அவரைப் பொறுப்பிலிருந்தும் தூக்கியது. அதுவும் கள்ள ஓட்டுப் போட்டு இல்லை. நீதிமன்றத்தின் கண்காணிப்பில் முறையாக எண்ணப்பட்ட ஓட்டில்!

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கம்பெனி லா பாடத்தில் பொதுக்கூட்டங்கள் பற்றி ஒரு பகுதி வரும். கையைத் தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு நடத்தலாம், தலைவர் முடிவை அறிவிப்பார், அதில் நம்பிக்கை இல்லாதவர்கள் 'போல்' கேட்கலாம், அப்போது ஒவ்வொரு ஓட்டாக எண்ண வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தில் பிரிவு 109. பரீட்சைக்குப் படிக்கும்போது தூக்கம்தான் வரும். அதே வாரம் நூலகத்தில் கிங்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மாநாட்டுத் தகராறு வந்தது. தலைவர் அறிவித்த முடிவு, ஏற்காத எதிரணி, தலையெண்ணி எடுத்த வாக்கெடுப்பு, கோர்ட், கைகலப்பு, ஒரு போதகரின் சாவு. பிரிவு 109 எதற்காக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, கதைக்கு வருவோம்.

பெயரிலேயே 'இன்கார்ப்பரேட்டட்'

கிங்கை முழுநேரப் போராட்டத் தலைவர் என்றே நாம் நினைப்போம். ஆனால் அவர் சம்பளம் வாங்கிய வேலை சபைப் போதகர் வேலை. 1954ல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராகப் போனார். 1960ல் சொந்த ஊரான அட்லான்டாவுக்குத் திரும்பி, அப்பாவோடு சேர்ந்து எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் இணைப் போதகரானார். அம்மா வழித் தாத்தாவும் அதே எபனேசரில் போதகராக இருந்தவர்தான். மூன்று தலைமுறைப் போதகர் குடும்பம்.

இந்தக் குடும்பம் சேர்ந்திருந்த பெரிய அமைப்பின் பெயர் நேஷனல் பாப்டிஸ்ட் கன்வென்ஷன், யு.எஸ்.ஏ., இன்கார்ப்பரேட்டட். ஆமாம், திருச்சபை அமைப்பின் பெயரில் 'இன்கார்ப்பரேட்டட்' இருக்கிறது. காமர்ஸ் மாணவன் கண்ணில் அதுதானே முதலில் படும்! அதற்கும் ஒரு கதை உண்டு.

'கன்வென்ஷன்' என்றதும் நம் ஊரில் பந்தல் போட்டு மூன்று நாள் நடக்கும் நற்செய்திக் கூட்டம் நினைவுக்கு வரும். இது வேறு. நாடு முழுவதும் உள்ள சபைகள் பிரதிநிதிகளை அனுப்பி, வருடத்துக்கு ஒருமுறை செப்டம்பரில் ஏதாவது ஒரு நகரத்தில் கூடும் பொதுக்குழு. பாப்டிஸ்டுகளுக்கு பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனக்குத்தானே ராஜா. போதகரை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அந்தந்த சபையாரின் முடிவு. அதனால் தேசிய மாநாட்டுத் தலைவர் யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது, எந்த சபைக்கும் கட்டளையிட முடியாது. பிறகு அந்தப் பதவியில் என்னதான் இருக்கிறது? மிஷன் பணம், வாரியங்களுக்கு ஆள் நியமனம், மாநாட்டு மேடை, மைக். 'கறுப்பின கிறிஸ்தவர்களின் குரல்' என்று பத்திரிகைகள் தேடி வந்து கருத்துக் கேட்கும் இடம். 1950களில் 50 லட்சம் உறுப்பினர்கள் என்று சொல்லிக்கொண்ட அமைப்பு அது.

அமைப்பு தொடங்கியது 1895ல், அட்லான்டாவில், மூன்று சிறிய அமைப்புகள் ஒன்றாகி. அடிமைமுறை ஒழிந்து 30 வருடம்தான் ஆகியிருந்தது. கூடிய போதகர்களில் அடிமைகளாகவே பிறந்தவர்கள் நிறையப் பேர். ஆர். எச். பாய்ட் என்பவரும் அப்படிப் பிறந்தவர்தான். அவர் நாஷ்வில் நகரில் ஞாயிறு பள்ளிப் பாடநூல்கள் அச்சடிக்கும் பதிப்பகத்தை நடத்தினார். மாநாட்டின் பெயரால் நடந்தாலும், பதிப்பகத்தைத் தனி நிறுவனமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். பதிப்பகம் நன்றாக ஓட ஆரம்பித்ததும் கேள்வி வந்தது. இது யாருடைய சொத்து? 1915ல் சண்டை முற்றி மாநாடு இரண்டாக உடைந்தது. பதிவு செய்யாமல் இருந்ததால்தானே சொத்து கைவிட்டுப் போனது என்று பெரிய அணி தன்னைச் சட்டப்படி பதிவு செய்துகொண்டது. அந்த 'இன்கார்ப்பரேட்டட்' பட்டபாட்டுக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட வால்.

ஒரு வாரப் பாராளுமன்றம்

இந்த மாநாடுகளுக்குப் போவது ஒரு போதகருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜார்ஜியாவிலோ மிஸிஸிப்பியிலோ ஒரு சின்ன ஊரின் போதகர். அவருக்கு அந்த ஊரில் ஓட்டுப் போடும் உரிமை பெயரளவில்தான். வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் உட்கார முடியாது. ரயிலில் தனிப் பெட்டி. மாநாட்டு நகரத்துக்குப் போனாலும் பல ஓட்டல்களில் அறை கிடைக்காது. உள்ளூர்க் கறுப்பின சபையார் தங்கள் வீடுகளில் தங்க வைப்பார்கள், சாப்பாடு போடுவார்கள்.

ஆனால் அரங்கத்துக்குள் நுழைந்துவிட்டால் அவர் பிரதிநிதி. பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. தீர்மானத்தை முன்மொழியலாம், எழுந்து ஆட்சேபிக்கலாம், தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஊரில் எந்த அரசியல் உரிமையும் இல்லாத மனிதருக்கு வருடத்தில் ஒரு வாரம் கிடைத்த பாராளுமன்றம் அது. பெண்களுக்கும் 1900 முதல் தனி மாநாடு இருந்தது. கிங்கின் அம்மா ஆல்பர்ட்டா கிங் அந்தப் பெண்கள் பிரிவுக்குப் பல வருடம் ஆர்கன் வாசித்தவர்.

இதனால்தான் மாநாட்டுத் தலைவர் தேர்தல் சாதாரண விஷயமாக இல்லை. வெளியே எங்குமே கிடைக்காத ஜனநாயகம் உள்ளே எப்படி நடக்கிறது என்பது மானப் பிரச்சனை.

ஆனால் உள்ளே நடந்தது என்ன? முதல் தலைவர் ஈ. சி. மோரிஸ் 1895ல் வந்தவர், 1922ல் இறக்கும்வரை தலைவர். சிறிய இடைவெளிக்குப் பிறகு வந்த எல். கே. வில்லியம்ஸ் 1940ல் விமான விபத்தில் இறக்கும்வரை தலைவர். அடுத்து டி. வி. ஜெமிசன், 1953 வரை. தலைவராக வந்தவர் ஒன்று சாக வேண்டும், இல்லை தள்ளாமை வர வேண்டும் என்பதுதான் எழுதப்படாத விதி. இதைப் பார்த்துச் சலித்துப்போய் 1952ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஒரு தலைவர் தொடர்ந்து நான்கு வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

இந்த விதி வந்த அடுத்த வருடம் தலைவரானவர் ஜோசப் எச். ஜாக்சன். சிகாகோவின் புகழ்பெற்ற ஆலிவெட் பாப்டிஸ்ட் சபையின் போதகர். மிஸிஸிப்பியில் பிறந்து படித்து முன்னேறியவர், பேச்சில் வல்லவர். கிங் குடும்பத்துக்கு நண்பர்.

1954, 1956: கைதட்டிய அரங்கம்

கிங்குக்கும் இந்த மாநாட்டுக்கும் உறவு நன்றாகத்தான் தொடங்கியது. 1954 செப்டம்பரில் மாநாடு செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. பெண்கள் பிரிவின் தலைவி நான்னி ஹெலன் பரோஸ், 25 வயதுப் பையனான கிங்கைப் பேச அழைத்தார். டெக்ஸ்டர் சபையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளியுலகத்தில் அவரை யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து, 1956 செப்டம்பரில் டென்வர் மாநாடு. இப்போது அவரைத் தெரியாதவர்களே இல்லை. மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. 1955 டிசம்பர் 5ல் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. ஜனவரியில் அவர் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டிருந்தது. கிங் அந்த மேடையில் ஒரு பிரசங்கம் செய்தார். அப்போஸ்தலன் பவுல் இன்றைய அமெரிக்கக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு நிருபம் எழுதினால் எப்படி இருக்கும்? விஞ்ஞானத்தில் இவ்வளவு முன்னேறிய நீங்கள் ஒழுக்கத்தில் ஏன் பின்தங்கினீர்கள், வெள்ளைச் சபை கறுப்புச் சபை என்று கிறிஸ்துவையே ஏன் கூறு போட்டீர்கள் என்ற கேள்விகள் அதில் உண்டு. பைபிள் தெரிந்த கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

அன்றைக்கு ஜாக்சனும் கிங்கும் எதிரிகள் இல்லை. பஸ் புறக்கணிப்பு தொடங்கிய காலத்தில் ஜாக்சன் ஆதரவாகவே இருந்தார்.

சிக்கல் அடுத்த வருடம் வந்தது. ஜாக்சனின் நான்கு வருடம் 1957ல் முடிந்தது. லூயிவில் மாநாட்டில் அவர் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் 1952 திருத்தம் நிறைவேற்றப்பட்ட முறையில் குறை இருக்கிறது, அதனால் அது செல்லாது என்றார்கள் ஜாக்சன் அணியினர். கூட்டம் ஆரவாரம் செய்து அவரையே மறுபடி தலைவராக்கியது. எதிர்த்துச் சில போதகர்கள் நீதிமன்றம் போனார்கள். தோற்றார்கள்.

இதை எங்கள் ஆசிரியர் பாஷையில் சொன்னால், சட்டப்படி ஜாக்சன் பேசியது சரியாகவே இருக்கலாம். திருத்தத்தில் நடைமுறைக் கோளாறு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கோளாறைச் சரிசெய்து விதியைத் திரும்ப ஒழுங்காக நிறைவேற்றியிருக்கலாமே? அந்தக் கோளாறையே நாற்காலியின் நான்காவது காலாக வைத்துக்கொண்டார். பிரச்சனையின் வேர் இங்கேதான்.

1960: ஒரு மாநாடு, இரண்டு தலைவர்கள்

1960 பிப்ரவரி 1ல் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தும் எழுந்திருக்கவில்லை. சில வாரங்களில் தென் மாநிலங்கள் முழுக்க மாணவர்கள் இப்படி உட்கார ஆரம்பித்தார்கள். எல்லோரும் நம் வயதுக்காரர்கள். கிங் அவர்களை ஆதரித்தார். ஜாக்சன் எதிர்த்தார். சட்டத்தை மீறிப் போராடுவது நாட்டின் அடித்தளத்தையே ஆட்டும், நீதிமன்றமும் வாக்குச்சீட்டும் உழைத்துச் சேர்க்கும் பொருளாதார பலமும்தான் வழி என்பது அவர் கட்சி. எதிர்ப்பிலிருந்து உற்பத்திக்குப் போக வேண்டும் என்று பின்னாளில் தொடர்ந்து பேசினார்.

ஆக, இரண்டு அதிருப்திகள் ஒன்று சேர்ந்தன. பதவியை விடமாட்டேன் என்கிறாரே என்று ஒன்று. போராட்டத்துக்குக் குறுக்கே நிற்கிறாரே என்று இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வேட்பாளர் கிடைத்தார். நியூயார்க், புரூக்ளின் நகர்ப்பகுதியின் கன்கார்ட் பாப்டிஸ்ட் சபைப் போதகர் கார்ட்னர் சி. டெய்லர். லூசியானாவில் பிறந்தவர், அடிமைகளின் பேரன், கிங் குடும்பத்தின் நெருங்கிய நண்பர். அமெரிக்காவின் மிகச் சிறந்த பிரசங்கிகளில் ஒருவர் என்று பின்னாளில் எல்லாரும் ஒப்புக்கொண்ட மனிதர்.

1960 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா. நியமனக் குழு ஜாக்சன் பெயரை மட்டும் முன்வைத்தது. ஜாக்சன் மீண்டும் தேர்வானார் என்று மேடையிலிருந்து அறிவிப்பு வந்தது. அரங்கம் கொதித்தது. பெயர் சொல்லி எண்ணுங்கள் என்று டெய்லர் அணி கேட்டது. 'போல்' கேட்பது என்று நாம் படிக்கிறோமே, அதேதான். தலைமை காது கொடுக்கவில்லை. ஜாக்சன் அணி வெளியேறிய பிறகும் டெய்லர் அணி கலையவில்லை. மாநில வாரியாக அழைத்து ஓட்டு எண்ணினார்கள். டெய்லர் 1,864. ஜாக்சன் 536.

இப்போது இரண்டு தலைவர்கள். மேடையும் அலுவலகமும் வாரியங்களும் ஜாக்சனிடம். எண்ணிக்கை டெய்லரிடம். ஒரு வருடம் முழுக்க இருவரும் 'நான்தான் தலைவர்' என்றார்கள். வழக்குகள் நடந்தன.

கிங் எந்தப் பக்கம் என்பது ஊரறிந்த ரகசியம். டெய்லர் ஜெயித்தால் நாடெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான சபைகளின் ஆதரவும் காணிக்கையும் போராட்டத்துக்குத் திரும்பும். 1957ல் கிங் தொடங்கிய தென்னக அமைப்பு எப்போதும் பணமுடையில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு இந்தத் தேர்தல் வெறும் சபை அரசியல் இல்லை.

1961: கேன்சஸ் சிட்டி

1961 செப்டம்பர். மாநாடு கேன்சஸ் சிட்டியின் நகர அரங்கத்தில். ஜாக்சன் மேடையில். டெய்லர் ஆதரவாளர்கள் வரிசையாக உள்ளே நடந்துவந்து மேடையைக் கைப்பற்றப் போனார்கள். ஜாக்சன் ஆதரவாளர்கள் மறித்தார்கள். கோட்டு சூட்டு போட்ட போதகர்கள் ஒருவரை ஒருவர் தள்ளினார்கள், குத்துக்களும் விழுந்தன. போலீஸ் உள்ளே வர வேண்டியதாயிற்று.

அந்தத் தள்ளுமுள்ளில் ஏ. ஜி. ரைட் என்ற டெட்ராய்ட் போதகர் மேடையிலிருந்து கீழே விழுந்தார். ஜாக்சன் பக்கத்தைச் சேர்ந்தவர். மண்டையில் அடி. சில நாளில் இறந்துபோனார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எல்லோரையும் போல அவரும் ஊரில் சபையாரிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாநாட்டுக்குக் கிளம்பியவர்தானே. யாரும் யாரையும் கொல்ல வரவில்லை. பதவிக்காலம் பற்றி ஒரு விதி, அதைப் பின்பற்றாத ஒரு தலைவர், எண்ண மறுத்த ஒரு மேடை. நான்கு வருடமாக அடைத்து வைத்த கோபம் ஒரு மனிதரின் தலையில் போய் முடிந்தது.

அதன்பின் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் தேர்தல் நடந்தது. இந்தமுறை யாரும் குறை சொல்ல முடியாத எண்ணிக்கை. ஜாக்சன் 2,732. டெய்லர் 1,519. டெய்லர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கதை அதோடு நிற்கவில்லை. மேடையை முற்றுகையிடத் திட்டம் போட்டுக் கொடுத்ததே கிங்தான் என்று ஜாக்சன் குற்றம் சாட்டியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதாவது ஒரு போதகரின் சாவுக்கே கிங் காரணம் என்ற மாதிரி. அகிம்சையைத் தன் வாழ்க்கையாக்கிக்கொண்ட மனிதருக்கு இதைவிட வலிக்கிற பழி எது? அதைத் திரும்பப் பெறும்படி கிங் ஜாக்சனுக்குத் தந்தி அனுப்பினார். மாநாட்டின் ஞாயிறு பள்ளிப் பிரிவில் கிங் வகித்த துணைத் தலைவர் பொறுப்பும் பறிக்கப்பட்டது. ஐந்து வருடத்துக்கு முன் டென்வரில் அவரை மேடையேற்றிய அதே மாநாடு!

ஏன் தோற்றார்கள்?

ஜாக்சனை வில்லனாக்கிவிட்டுக் கதையை முடிப்பது சுலபம். ஆனால் அந்த 2,732 என்ற எண் என்னை விடவில்லை. ஃபிலடெல்ஃபியா எண்ணிக்கையில் ஜாக்சன் ஆட்கள் பெரும்பாலும் இல்லை, அதனால் அந்த 536ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. கேன்சஸ் சிட்டியில் எல்லோரும் இருந்தார்கள். முறையாக எண்ணியபோது பெரும்பான்மை ஜாக்சன் பக்கம்.

எனக்குத் தோன்றிய காரணங்கள் இவை. ஒன்று, மேடையில் நடந்த அடிதடி. ஒழுங்காக நடந்திருந்தால் டெய்லருக்கு வந்திருக்கக்கூடிய ஓட்டுகள் அன்றைக்கே போயிருக்கும். இரண்டு, பயம். தெற்கில் ஒரு கிராமத்துப் போதகருக்குப் போராட்டம் என்றால் சபைக் கட்டடத்துக்குத் தீ, சபையாருக்கு வேலை போவது. சிகாகோவிலும் நியூயார்க்கிலும் உட்கார்ந்து வீரம் பேசுவது வேறு. மூன்று, ஜாக்சனிடம் கடன்பட்டவர்கள். எட்டு வருடம் நியமனங்கள் அவர் கையில் இருந்தன. நான்கு, உண்மையாகவே அவர் சொன்னதை நம்பியவர்கள். இவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜாக்சன் வெறுமனே பேசிக்கொண்டிருந்தவரும் இல்லை. டென்னஸி மாநிலம் ஃபேயட் மாவட்டத்தில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்த குற்றத்துக்காகக் கறுப்பினக் குத்தகை விவசாயிகளை நிலச்சொந்தக்காரர்கள் வெளியேற்றினார்கள். குடும்பங்கள் கூடாரங்களில் இருந்தன. அவர் தலைமையில் மாநாடு அங்கே நிலம் வாங்கி, விவசாயிகளைக் குடியமர்த்த ஒரு பண்ணை தொடங்கியது. 'எதிர்ப்பிலிருந்து உற்பத்திக்கு' என்றால் இதுதான் என்று அவர் காட்டியிருப்பார். நல்ல காரியம்தான். ஆனால் அந்த விவசாயிகள் தெருவுக்கு வந்ததே, ஓட்டு வேண்டும் என்று போய் நின்றதால். உற்பத்தி செய்வதற்கும் முன்னால் யாராவது எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் கிங் சொன்னதே சரி என்பது என் கட்சி.

33 பேர்

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. சின்சினாட்டி நகரின் சயன் பாப்டிஸ்ட் சபைப் போதகர் எல். வெஞ்சேல் பூத் ஓர் அழைப்பு விடுத்தார். 1961 நவம்பர் 14, 15 தேதிகளில் அவருடைய சபையில் 14 மாநிலங்களிலிருந்து 33 பேர் கூடினார்கள். லட்சக்கணக்கான உறுப்பினர்கள் உள்ள அமைப்பை விட்டு வந்தவர்கள் 33 பேர்! அங்கே பிறந்ததுதான் புரோகிரசிவ் நேஷனல் பாப்டிஸ்ட் கன்வென்ஷன். தலைவரின் பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. கிங், அவர் அப்பா, ரால்ஃப் அபர்நதி, பெஞ்சமின் மேய்ஸ், டெய்லர் ஆகியோருக்கு இந்தப் புது அமைப்பே வீடானது. டெய்லர் பின்னாளில் அதன் இரண்டாவது தலைவரானார். இரண்டு வருடம் இருந்தார், இறங்கிவிட்டார். அந்த இறங்கலைத்தான் அவர்கள் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜாக்சன் பழைய அமைப்பின் தலைவராகத் தொடர்ந்தார். எதுவரை? 1982 வரை. மொத்தம் 29 வருடம். நான்கு வருட வரம்பு போட்ட அடுத்த வருடம் வந்தவர்!

இடையில் 1963 ஜூலை 4ல் சிகாகோவின் கிராண்ட் பார்க்கில் நடந்த ஒரு பெரிய உரிமைக் கூட்டத்தில் அவர் பேச எழுந்தபோது, சொந்த ஊர் மக்களே கூச்சல் போட்டு விரட்டினார்கள். 1968ல் கிங் கொல்லப்பட்ட பிறகு, ஆலிவெட் சபை நின்ற சவுத் பார்க்வே சாலைக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயர் வைத்தது சிகாகோ. ஜாக்சன் என்ன செய்தார் தெரியுமா? கோவில் மூலையில் இருந்ததால், பக்கத்துத் தெருவான 31வது தெருப் பக்கத்தை முகவரியாக மாற்றிக்கொண்டார். கிங் பெயர் தன் லெட்டர்ஹெட்டில் வரக்கூடாது என்று! முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு பாவமாக இருந்தது. செத்துப்போன மனிதரோடு, தன்னுடைய நண்பரின் பிள்ளையோடு, ஒரு போதகர் போட்ட சண்டை.

1982ல் அவரைத் தோற்கடித்தவர் டி. ஜே. ஜெமிசன். ஜாக்சனுக்கு முன்னால் தலைவராக இருந்த டி. வி. ஜெமிசனின் மகன். 1953ல் பேட்டன் ரூஜ் நகரில், மான்ட்கோமரிக்கும் முன்பே, பஸ் புறக்கணிப்பு நடத்தியவர். ஆனாலும் அத்தனை வருடமும் ஜாக்சனோடு மாநாட்டின் செயலாளராக இருந்தவர். மனிதர்களை அணி அணியாகப் பிரித்து வைத்துப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

1994ல் வந்த ஹென்றி லயன்ஸ் கதை காமர்ஸ்காரர்களுக்கு. அமைப்புக்கு 85 லட்சம் உறுப்பினர்கள் என்று கம்பெனிகளிடம் சொல்லி வியாபார ஒப்பந்தங்கள் போட்டார். அத்தனை பேர் பட்டியலில் கிடையாது. பணம் ரகசிய வங்கிக் கணக்குக்குப் போனது. 1999ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, சிறைக்குப் போனார். உறுப்பினர் பட்டியலையும் கணக்கையும் கேள்வி கேட்கிற பழக்கம் ஓர் அமைப்பில் செத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

பிரிந்தவர்கள் முழுக்க ஒன்று சேரவில்லை. ஆனால் 2005 ஜனவரியில், 1915ல் பிரிந்தவர்கள், 1961ல் பிரிந்தவர்கள் உட்பட நான்கு கறுப்பின பாப்டிஸ்ட் அமைப்புகள் ஒரே அரங்கில் கூடின. இடம் நாஷ்வில். பாய்டின் பதிப்பகம் இருந்த அதே ஊர். கார்ட்னர் டெய்லர் அப்போது உயிரோடு இருந்தார். 2015ல், தன் 96வது வயதில், ஈஸ்டர் ஞாயிறு அன்று இறந்தார்.

நம் ஊரிலும் சபைத் தேர்தல்கள் கோர்ட்டுக்குப் போவது புதிது இல்லை. சங்கம், கூட்டுறவு, கோவில் கமிட்டி, கல்லூரி மன்றம், எதிலும் இதே கதைதான். மினிட்ஸ் புத்தகம், கோரம், பதவிக்காலம், போல் கேட்கும் உரிமை எல்லாம் குமாஸ்தா வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவர்கள் கூடுகிற இடத்தில் எதற்கு இதெல்லாம் என்றும் தோன்றும். கேன்சஸ் சிட்டியில் கூடியவர்கள் எல்லோரும் காலையில் ஜெபம் செய்துவிட்டு வந்தவர்கள்தான்.

அடுத்த வாரம் கம்பெனி லா பரீட்சை. பொதுக்கூட்டங்கள் பற்றிக் கேள்வி வந்தால் ஏ. ஜி. ரைட்டின் பெயரை எழுத முடியாது, மார்க் வராது. ஆனால் பிரிவு 109 எனக்கு இனி மறக்காது.